சின்ன மாப்பிள்ளையின் சோலாரும் பெரிய மாப்பிள்ளையின் பச்சை ஒயரும்

மீட்டர் வைத்து வேலை பார்க்கிறவர்களைப் பல்புக்காரருக்குப் பிடிக்காது. மீட்டர் நம்பரைக் காட்டும், பல்புதான் நடப்பைக் காட்டும் என்பது அவர் கட்சி. ஒரு ஹோல்டர், அதில் நாற்பது வாட் குண்டு பல்பு, கை நீளத்துக்கு இரண்டு ஒயர். இதைப் பழைய துணியில் சுற்றி, மூடி உடைந்த சாப்பாட்டு டப்பாவில் வைத்து இருபத்து மூன்று வருஷமாக வீடு வீடாகக் கொண்டு போகிறார். அப்படி ஒட்டிக்கொண்டதுதான் அந்தப் பெயர். சொந்தப் பெயர் லைசென்ஸில் இருக்கிறது. லைசென்ஸ் பீரோவில் இருக்கிறது.

பத்தாவது முடித்த கையோடு சுவர் கொத்த வந்தவர். கொத்தக் கற்றார், குழாய் பதிக்கக் கற்றார், பிறகுதான் ஒயரைத் தொட விட்டார்கள். இருபத்திரண்டு வயதில் தனியாக எடுத்த முதல் வேலை ஒரு தையல்காரர் வீடு. முன்னறையில் தையல் மெஷின்கள், பின்னால் குடித்தனம். பாதி வேலையில் டேப் தீர்ந்துபோனது. கடையோ தூரம். தையல்காரரின் மூத்த மகள் ஒரு நூல்கண்டை நீட்டி, "இத வச்சுக் கட்டுங்க. அவுந்துச்சுன்னா எங்க அப்பாவத் திட்டுங்க" என்றாள். கட்டினார். அவிழவில்லை. அந்த வருஷக் கடைசிக்குள் அவளையே கட்டிக்கொண்டார். அன்றிலிருந்து எந்த வீட்டுப் பெட்டியைத் திறந்தாலும், ஒயர்களைச் சேர்த்துப் பிடித்து, நூலால் மூன்று சுற்றுச் சுற்றி, பட்டன் தைக்கிறவர் மாதிரி முடிச்சுப் போட்டு நறுக்கிவிடுவார். ஒயர் கட்டுகிற பிளாஸ்டிக் டை வந்து எத்தனையோ காலமாகியும் அதை மட்டும் விடவில்லை.

மாமனார் அவரை இன்னும் "தம்பி" என்றுதான் கூப்பிடுகிறார். வயரிங்குக்கு வந்த நாளில் வாயில் ஏறிய சொல். அதில் ஒரு குறையும் அவருக்குத் தெரிந்ததில்லை, இளைய மகளுக்குக் கல்யாணம் ஆகும்வரை. புது மருமகன் செருப்பைக் கழற்றுவதற்குள் "வாங்க மாப்ள, வாங்க" என்று எழுந்து நின்றார் மாமனார். அந்த "மாப்ள" பல்புக்காரரின் காதுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஆறு வருஷமாகியும் இறங்கின பாடில்லை.

சின்ன மாப்பிள்ளை டிப்ளமா படித்தவன். வீடுகளுக்குச் சோலார் மாட்டுவது தொழில். கதவில் சூரியன் படம் ஒட்டிய வேன் வைத்திருந்தான். அதற்குள் மடக்கினால் முழங்கால் உயரத்துக்கு வந்துவிடும் ஒரு ஏணி. வேனைக்கூடப் பல்புக்காரர் பொறுத்துக்கொண்டார்; அந்த ஏணியைப் பார்த்தால்தான் அவருக்கு வயிறு எரியும். அவருடைய ஏணி மூங்கில். தோளில் வந்தால் வரும், இல்லாவிட்டால் வராது.

அன்றைக்குக் குளித்துவிட்டு வந்தவரிடம் மனைவி துண்டை வாங்கிக்கொண்டே சொன்னாள்: "அப்பா வீட்டு மாடியில சோலார் மாட்டியாச்சாம்."

"யாரு மாட்டுனா?"

"இதென்ன கேள்வி? தங்கச்சி வீட்டுக்காரர்தான். கரண்ட் போயிப் போயி வருதுல்ல, அப்பாவால தைக்க முடியல. ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்காங்க."

"என் வயரிங்ல கை வச்சிருக்கான். ஒரு வார்த்தை கேக்கல."

"உங்க வயரிங்கா? அது எங்க அப்பா வீடு."

"செவுரு உங்க அப்பாவோடது. செவுத்துக்குள்ள ஓடுறது என்னோடது."

"அப்ப செவுத்துக்குள்ளயே போயி உக்காந்து சாப்பிடுங்க" என்று துண்டைக் கொடியில் வீசினாள்.

ஞாயிற்றுக்கிழமை போனார்கள். நடையில், கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில், அவர் வைத்த பழைய மரப்பலகையைக் காணோம். அந்த இடத்தில் வெள்ளை வெளேரென்று இன்வெர்ட்டர், கீழே பேட்டரி, பக்கத்தில் புதுப் பெட்டி. ஒயர்கள் ஒவ்வொன்றும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல இறங்கியிருந்தன. குறை கண்டுபிடிக்கத்தான் குனிந்து பார்த்தார். அகப்படவில்லை. அதுவே பெரிய குறையாகப் பட்டது.

"எல்லாரும் வாங்க, ஒரு வேடிக்கை காட்டுறேன்" என்றான் சின்னவன். மெயினை அணைத்தான். மின்விசிறி ஒரு சுற்றுக்கூடத் தயங்கவில்லை. மாமனார் பேரானந்தத்தில் மெஷினை ஒரு மிதி மிதித்துப் பார்த்தார். "இப்போ பாதுகாப்பு. யாருக்காவது ஷாக் அடிச்சா இந்த டிரிப் ஸ்விட்ச் கண் இமைக்கிறதுக்குள்ள விழுந்துடும். பாக்குறீங்களா?" ஸ்விட்சில் இருந்த சின்னப் பட்டனை அமுக்கினான். டப்பென்று விழுந்தது. கொழுந்தியாள் கை தட்டினாள்; மாமனார் தட்டினார்; பல்புக்காரரின் மனைவியும் தட்டினாள். அதுதான் தாங்கவில்லை.

"அண்ணே, நீங்க ஒண்ணும் சொல்லலையே?" என்றான் சின்னவன். "அந்தப் பல்பு டப்பா இன்னும் இருக்கா? மியூசியத்துல கேட்டாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பல்புக்காரரும் சிரித்தார். சிரிப்பு பல்லோடு நின்றது.

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த பிறகு, கை கழுவுகிற சாக்கில் அவர் நடைக்குப் போனார். மெயின் அணைத்தபடியே கிடந்தது; விழுந்த ஸ்விட்சைச் சின்னவன் தூக்கிவிட்டிருந்ததால் வீடு இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பட்டன் எதையும் நிரூபிக்காது என்பது அவருக்குத் தெரியும். அது ஸ்விட்ச் தனக்குத்தானே கிச்சுக்கிச்சு மூட்டிக்கொள்கிற மாதிரி. எர்த் குழியே தோண்டாத வீட்டிலும் அமுக்கினால் விழும். டப்பாவைத் திறந்தார். ஒரு ஒயரை பிளக் பாயிண்டில் கரண்ட் வருகிற பேஸ் ஓட்டையிலும், மற்றதை எர்த் ஓட்டையிலும் சொருகினார். நியாயப்படி பல்பு ஒரு மின்னல் மின்ன வேண்டும், உடனே டிரிப் ஸ்விட்ச் விழ வேண்டும்.

பல்பு மின்னவில்லை. ஸ்விட்ச் விழவில்லை. இரண்டும் ஊமையாக இருந்தன.

அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. தெருவிலிருந்து வருகிற கரண்டுக்கு, அது திரும்பிப் போகிற ஒயரை, அதாவது நியூட்ரலை, டிரான்ஸ்பார்மர் பக்கமே மண்ணோடு கட்டியிருப்பார்கள். எங்காவது கசிந்தால் கரண்ட் மண் வழியாகத் தன் வீட்டுக்குத் திரும்பும். போனதும் வந்ததும் கணக்கில் இடிக்கிறதே என்று டிரிப் ஸ்விட்ச் விழும். தெருக் கரண்ட் நின்றதும் இன்வெர்ட்டர் அந்த லைனைக் கழற்றிவிட்டுத் தனிக்குடித்தனம் போய்விடுகிறது. அப்போது அதன் நியூட்ரலை அதுவே எர்த்தோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். சேர்க்காவிட்டால் கசிகிற கரண்டுக்குத் திரும்ப வழியில்லை, வழியில்லாததால் ஓடாது, ஓடாததை ஸ்விட்ச் எப்படிக் கண்டுபிடிக்கும்? முதல் கோளாறு சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கும். இன்னொரு சாமானில் இரண்டாவது கோளாறு வரும் அன்று, இரண்டையும் ஒரே நேரத்தில் தொடுகிறவன் கதி அவ்வளவுதான். அப்போதும் அந்த ஸ்விட்ச் தேமே என்று நிற்கும்.

சின்னவன் அந்த ஒரு சேர்ப்பை மறந்துவிட்டான்.

பயம்தான் முதலில் வந்திருக்க வேண்டும். வந்தது என்னவோ சந்தோஷம். வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். அடுத்த வாரம் மின்சார ஆபீஸிலிருந்து ஆய்வாளர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று பேச்சு ஓடியது. வரட்டும். அவர் இதே சோதனையைச் செய்வார், மாமனார் முன்னாலேயே கேட்பார்: "என்னய்யா வேலை பாத்திருக்க?" அந்தக் காட்சியை மென்றபடியே வீடு வந்து சேர்ந்தார். ஒரு வாரம்தானே, அதற்குள் என்ன ஆகிவிடப் போகிறது?

ஆய்வாளர் அடுத்த வாரம் வரவில்லை. லீவாம். அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

கரண்ட் போனால் பல்புக்காரருக்கு இருப்புக்கொள்ளாது. எங்கே வேலையில் இருந்தாலும் மனைவிக்குப் போன் போடுவார். "உங்க அப்பா என்ன பண்றாரு?"

"தைக்கிறாரு. வேற என்ன பண்ணுவாரு?"

"அயர்ன் போடுறாரா?"

"எனக்கு எப்படித் தெரியும்? என்னங்க, தினமும் கேக்குறீங்க? எங்க அப்பா மேல இவ்ளோ பாசம் எப்போ மொளைச்சுது?"

மாமனாரின் இஸ்திரிப் பெட்டிதான் அவர் கண்ணுக்குள் நின்றது. கனமான பழைய பெட்டி. கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒயரின் துணிச்சட்டை நைந்து, டேப் சுற்றி, அந்த டேப்பும் நைந்தது. ஈரத் துணியை விரித்து, தண்ணீர் தெளித்து, அதன்மேல் ஓட்டுவார் மாமனார். இடது கை எப்போதும் பக்கத்து மெஷினின் இரும்பு உடம்பில் ஊன்றியிருக்கும். யோசித்துப் பார்த்து, புது இஸ்திரிப் பெட்டி ஒன்று வாங்கிக்கொண்டு போய் நீட்டினார்.

"எதுக்கு தம்பி இதெல்லாம்?" மாமனாருக்கு முகமெல்லாம் பல்.

"சும்மாதான் மாமா. பழச தூக்கிப் போட்டுடுங்க. அப்புறம்… கரண்ட் இல்லாதப்போ அயர்ன் போட வேணாம்."

"அதுக்குத்தானே மாப்ள சோலாரே போட்டுக் குடுத்தாரு?"

பல்புக்காரர் வாயைத் திறந்தார். உள்ளேயிருந்து சொல் வரவில்லை, அந்த "மாப்ள" திரும்ப ஒருமுறை போய் உட்கார்ந்துகொண்டதுதான் மிச்சம். வாயை மூடிக்கொண்டார்.

மூன்றாவது வாரம், செவ்வாய்க்கிழமை காலை, மாமனாரே போன் செய்தார். குரலில் வேடிக்கைதான் இருந்தது. "தம்பி, நேத்து கரண்ட் இல்லாத நேரத்துல அயர்ன் பொட்டி சுர்ருனு ஒரு கடி கடிச்சுது பாரு. இந்தக் கை பொட்டியில, அந்தக் கை மெஷின்ல. ரெண்டு வெரலு இன்னும் மரத்துக் கெடக்கு."

"புதுப் பொட்டியா கடிச்சுது?"

"அத யாரு எடுத்தா? நல்லாயிருக்குன்னு பீரோவுல வச்சிருக்கேன். பழசுதான்."

பல்புக்காரர் போனை வைத்தார். இப்போதாவது சின்னவனைக் கூப்பிட்டு, டேய், உன் நியூட்ரலைக் கட்டு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் கேட்கிற முதல் கேள்வி, எப்போ பாத்தீங்க என்பதாகத்தான் இருக்கும். அதற்கு உண்மையைச் சொல்ல அவர் தயாராக இல்லை. அதனால் வேறு வழியில் போனார்.

டப்பாவை எடுத்துக்கொண்டு நேரே மாமனார் வீட்டுக்குப் போய், மெஷினையும் பெட்டியையும் பார்க்க வந்தேன் என்றார். மெஷினின் மோட்டார் ஒரு பக்கம் கசிந்தது, பெட்டி இன்னொரு பக்கம். இரண்டிலும் எர்த் ஒயர் அறுந்திருந்தது. பழைய பெட்டியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். மோட்டாரைக் கழற்றிவைத்தார். பிறகு மாமனார் பின்பக்கம் போன நேரத்தில் சின்னவன் இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் வைத்த பெட்டியை அணைத்துத் திறந்து, இன்வெர்ட்டரிலிருந்து வெளியே வரும் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு பச்சை ஒயரால் சேர்த்து முறுக்கினார். அப்போது தெருவில் கரண்ட் இல்லை. பல்பை வைத்துப் பார்த்தார். பளிச்சென்று மின்னியது, டிரிப் ஸ்விட்ச் டப்பென்று விழுந்தது. அப்பாடா என்றிருந்தது. யாருக்கும் தெரியாது, யாருக்கும் ஆபத்தும் இல்லை. ஆய்வாளர் கண்டிக்கும் காட்சி போய்விட்டதே என்று ஒரு மூலையில் வலிக்கவும் செய்தது.

மறுநாள் காலை அவர் ஒரு புதுக் கட்டடத்தின் மாடியில் சுவர் கொத்திக்கொண்டிருந்தார். கீழே வேன் நிற்கிற சத்தம். சின்னவன் படியேறி வந்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு பச்சை ஒயரை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தான். அதன் நடுவில் நீல நூல், மூன்று சுற்று, பட்டன் முடிச்சு.

"ஒயர் யாருதுன்னு கேக்கல அண்ணே" என்றான். "முடிச்சே சொல்லுது."

பல்புக்காரர் உளியைக் கீழே வைத்தார். ஒயரைச் சேர்த்தவுடன் கை தன் பழக்கத்துக்கு நூலைச் சுற்றியிருக்கிறது. தலைக்கு அது தெரியவே இல்லை.

"நேத்து சாயங்காலம் தெரு பூரா கரண்ட், மாமா வீடு மட்டும் இருட்டு. மீட்டர்கிட்ட இருக்கிற இன்னொரு டிரிப் ஸ்விட்ச் தூக்கினா விழுது, தூக்கினா விழுது. பேட்டரி தீந்துபோச்சு. மாமா என்னைக் கூப்பிட்டாரு. பொட்டியத் தொறந்தா இது." சிமெண்ட் மூட்டையின் மேல் உட்கார்ந்தான். "எப்போ தெரியும்ணே?"

நேற்று என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"சாப்பிட வந்த அன்னிக்கே."

சின்னவன் விரல் விட்டு எண்ணினான். "மூணு வாரம். மாமா கைய வச்சா சோதனை பண்ணீங்க?"

"நீ மட்டும்? பட்டன அமுக்கிக் கைதட்டல் வாங்குனியே, பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல ஒரு தடவை வச்சுப் பாக்க வேணாமா? டிப்ளமாவுல சொல்லித் தரலையா?"

"சொல்லித் தந்தாங்க. நான் பாக்கல. தப்புதான்."

அவ்வளவு லேசாகச் சொன்னான். சட்டையில் தூசி தட்டுவது போல. பல்புக்காரர் அந்தச் சொல்லுக்காக மூன்று வாரம் காத்திருந்தார். அதை அவன் ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிட்டான். தன்னால் அப்படி ஒருநாளும் சொல்ல முடிந்ததில்லையே என்று அதற்கும் பொறாமை வந்தது.

"ஆனா நீங்க கட்டினதும் தப்புண்ணே" என்றான் அவன். "கரண்ட் இல்லாதப்போ மட்டும்தான் சேரணும். தெருக் கரண்ட் வந்தா டிரான்ஸ்பார்மர்கிட்டயும் ஒரு கட்டு, இங்கயும் ஒரு கட்டு. நியூட்ரல்ல திரும்ப வேண்டியதுல ஒரு பங்கு உங்க பச்சை ஒயர் வழியா மண்ணுக்குள்ள போகுது. மீட்டர் பக்கத்து ஸ்விட்ச் அதக் கசிவுன்னுதான் எடுத்துக்கும். அதான் விழுந்துச்சு. சேக்குறதுக்கும் பிரிக்கிறதுக்கும் இன்வெர்ட்டர் உள்ளயே ரிலேன்னு தானா வேலை செய்யுற ஸ்விட்ச் இருக்கு. செட்டிங்ல அத ஆன் பண்ணாம விட்டுட்டேன்."

இது பல்புக்காரருக்குத் தெரியாது. இருபத்து மூன்று வருஷத்தில் அவர் எத்தனையோ எர்த் போட்டிருக்கிறார். ஒரு கட்டு கட்டவும் அவிழ்க்கவும் தெரிந்ததாக இருக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. கேட்டுக்கொண்டார். கேட்டது சுட்டது.

இருவரும் வேனில் மாமனார் வீட்டுக்குப் போனார்கள். சின்னவன் செட்டிங்கை மாற்றினான். "நீங்களே வச்சுப் பாருங்கண்ணே" என்றான். தெருக் கரண்டில் ஒருமுறை, மெயினை அணைத்து ஒருமுறை. இரண்டு தடவையும் பல்பு மின்னியது, ஸ்விட்ச் விழுந்தது. மீட்டர் பக்கத்து ஸ்விட்சும் இப்போது தானாக விழாமல் நின்றது.

மாமனார் இன்னொரு மெஷினுக்குப் பின்னாலிருந்து கேட்டார்: "என்னதான் ஆச்சு மாப்ள?"

"என் தப்பு மாமா. ஒரு செட்டிங்க விட்டுட்டேன். நீங்க ஷாக் வாங்கினப்போ ஸ்விட்ச் விழாததுக்குக் காரணம் அதுதான்." அதோடு நிறுத்திக்கொண்டான். பச்சை ஒயரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மாமனாரின் முகம் சுருங்கியது. "இவ்ளோ படிச்சிட்டு…" என்று ஆரம்பித்துப் பாதியில் விட்டார்.

பல்புக்காரர் மென்று மென்று சுவைத்த காட்சி இதுதான். ஆய்வாளர் இல்லாமலே நடந்துவிட்டது. சின்னவன் தலை குனிந்து நிற்கிறான், மாமனார் முறைக்கிறார். இவர் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், ஆறு வருஷக் கணக்கு நேராகிவிடும். மாமனார் மரத்த இரண்டு விரலையும் கட்டை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் மறந்துட்டான் மாமா" என்றார் பல்புக்காரர். "எனக்குத் தெரியும். முதல் நாளே பாத்துட்டேன். ஆய்வாளர்கிட்ட அவன் மாட்டிக்கட்டும்னு சொல்லாம இருந்தேன்."

தையல் மெஷின் நின்றது. மாமனார் கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்த அயர்ன் பொட்டி?"

"அதுக்காகத்தான்."

"வாயையும் நூலு போட்டுக் கட்டியிருந்தியா?" "தம்பி"கூடச் சொல்லவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தைக்கத் தொடங்கினார். அதற்குமேல் அன்று அந்த வீட்டில் அவரிடம் யாரும் பேசவில்லை. வீட்டில் மனைவியும் இரண்டு நாள் தட்டை வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். மூன்றாம் நாள், "சொல்லாமலே இருந்திருக்கலாமே, ஏன் சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"அவன் சொன்னான்ல" என்றார். அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். "நல்லது பண்றதுக்கும் உங்களுக்கு வயித்தெரிச்சல்தான் வேணுமா?"

ஞாயிற்றுக்கிழமை சின்னவன் வாசலில் வேனை நிறுத்தினான். இதே இன்வெர்ட்டரை இதே மாதிரி பதினோரு வீட்டில் மாட்டியிருக்கிறானாம். எல்லாவற்றையும் திறந்து பார்க்க வேண்டும். "பட்டன அமுக்கி நம்பறவன் நான். நம்பாதவரு ஒருத்தர் வேணும்ணே" என்றான்.

பல்புக்காரர் ஏறி உட்கார்ந்தார். இருக்கை மெத்தென்று இருந்தது, அதுவும் பொறுக்கவில்லை. முட்டுச்சந்தில் அவன் ஒரே ஒடிப்பில் வேனைத் திருப்பினான், அதுவும்.

முதல் வீட்டுக்காரர் சின்னவனைக் கண்டதும் ஓடிவந்து கை கொடுத்தார். உள்ளே போய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவனிடம் மட்டும் நீட்டினார். அப்புறம்தான் பின்னால் நின்றவரைப் பார்த்தார்.

"இவரு யாரு, ஹெல்பரா?"

சின்னவன் பதறிப்போய் வாயெடுப்பதற்குள் பல்புக்காரர் முந்திக்கொண்டார்.

"ஆமாங்க. இவரு மறந்துட்டுப் போறத எடுத்துக் குடுக்கிற ஹெல்பர். மெயின் எங்க இருக்கு? அணைங்க."